கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு லத்தீன் சொல்

என் சூசையண்ணனுக்கு, வீட்டிலிருந்த அத்தனை பேரையும் அழகாக ஏமாற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்த என் செல்ல அண்ணனுக்கு,

பிலோமி எழுதுகிறேன். எமர்ஜென்சி காலத்து ஆடி மாதம் உன்னைக் கொண்டுபோய் மண்ணில் வைத்தோம். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் அழுதேன், செபமாலை சொன்னேன், உன் பேரில் வருஷப் பூசை வைத்தேன். கடிதம் எழுதத் தோன்றவில்லை. இப்போது தோன்றிவிட்டது, ஏனென்றால் உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். நேரில் இருந்திருந்தால் அண்ணன் என்றும் பார்க்காமல் முதுகில் இரண்டு வைத்திருப்பேன்.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள். நீதான் பொறுத்துக்கொள்வதில் பெரிய ஆளாயிற்றே.

முதலில் ஊர்ச் செய்தி. கும்மிடிப்பூண்டி நீ விட்டுப்போன மாதிரி இல்லை. ரயில்வே கேட்டைத் தாண்டினால் புகைபோக்கிகள் கூடிக்கொண்டே போகின்றன. எங்கள் பள்ளிக்கூட மணிக்கு முன்னால் மூன்று ஆலைச் சங்கு ஊதிவிடுகிறது. எந்தச் சங்கு எந்த ஆலை என்று பிள்ளைகளைக் கேட்டால் வாய்ப்பாட்டைவிடச் சரியாகச் சொல்கிறார்கள். மெட்ராசிலிருந்து மின்சார ரயில் வரும் வரும் என்கிறார்கள், வந்தால் பார்ப்போம். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை விழுந்துவிட்டது. ஆனாலும் நான் செய்கிற தப்பெல்லாம் மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. நான் அதே பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் அதே ஐந்தாம் வகுப்புக்குத் தமிழும் கணக்கும் நடத்துகிறேன். கல்யாணத்தைப் பற்றிக் கேட்காதே.

அப்புறம், நம் கோயிலுக்குப் புதுச் சாமியார் வந்திருக்கிறார். சின்ன வயசு, சைக்கிளில் வருகிறார். ஈஸ்டர் முடிந்ததிலிருந்து வீடு வீடாகப் போய்த் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டிருக்கிறார். நம் தெருவுக்கு வருகிற வியாழக்கிழமை. பெரிய சாமியார் காலத்தில் எப்படி நடக்கும், ஞாபகம் இருக்கிறதா? நம் தெரு முனையிலேயே நின்று, மொத்தத் தெருவுக்கும் சேர்த்து நாலு தரம் தண்ணீரை வீசிவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரு சாமியாரும் நம் வாசற்படி மிதித்ததில்லை. இவர் மிதிப்பாராம். உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவாராம். எனக்குச் சந்தோஷமாகத்தானே இருக்கவேண்டும்?

இவருக்கு லத்தீன் தெரியும், அண்ணே. நம் வீட்டுச் சுவரில் என்ன தொங்குகிறது என்று உனக்குத் தெரியும்.

நம் நைனா கோயில்பிள்ளை. மணி அடிப்பார், பீடம் துடைப்பார், மெழுகுவர்த்தி ஏற்றுவார், பூசையில் சாமியார் லத்தீனில் ஒன்று சொன்னால் இவர் லத்தீனில் ஒன்று பதில் சொல்வார். ஓர் எழுத்துக்குக்கூட அர்த்தம் தெரியாது. முப்பது வருஷம் சொன்னார். சேரிக்காரன் பீடத்துப் பக்கம் வரலாமா என்று ஊர்க்காரர்கள் முணுமுணுத்ததுண்டு. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மணி அடிக்க ஊர்க்காரர்களில் ஒருத்தராலும் முடியவில்லை. அதனால் விட்டுவைத்தார்கள். கோயிலுக்குள்ளேயும் குறுக்கே மரக்கிராதி. அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் நாம்.

உன்னைப் பதின்மூன்று வயசில் சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்பினார்கள். அதே வருஷம் ஊர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். லத்தீனில் நீதான் முதல் என்று அந்த இரண்டு பேருமே லீவுக்கு வரும்போது நைனாவிடம் சொல்லியிருக்கிறார்கள். நைனா அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிவார். "எம் புள்ள லத்தீன்ல பேசறான்யா. நான் சொல்றதுக்கு அவனுக்கு அர்த்தம் தெரியும். எனக்குத்தான் தெரியாது" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கணும்.

அந்தத் தட்டு விஷயம் பரலோகமாதா திருவிழாவில் நடந்தது. நீ வெள்ளை அங்கி போட்டு வந்திருந்தாய். பூசையில் நன்மை கொடுக்கும்போது அப்பம் கீழே விழாமலிருக்க ஒவ்வொருத்தர் தாடைக்குக் கீழேயும் தட்டுப் பிடிக்கவேண்டும். பெரிய சாமியார் ஏதோ நினைவில் தட்டை உன் கையில் கொடுத்துவிட்டார். நீயும் அவர் பின்னாலேயே கிராதிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாய். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் முட்டி போட்டு வாய் திறந்திருந்தவர், உன் கையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். எழுந்தார். அவர் பின்னால் வரிசை மொத்தமும் எழுந்து வெளியே போனது. நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாசலில் அவர் சத்தமாகச் சொன்னது எனக்கும் கேட்டது: "இன்னிக்கித் தட்டு, நாளைக்கிக் கை. இவன் கையாலயா நாங்க நன்மை வாங்கணும்?"

நீ தட்டைப் பீடத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாய். தட்டிலிருந்து ஒரு துகள்கூடச் சிந்தவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தோசை சாப்பிட்டாய். நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஆறு மாதம் கழித்து குருமடத்திலிருந்து அந்தத் தாள் வந்தது. தடித்த வெள்ளைக் காகிதம், அச்சடித்த படிவம், மேலே சிலுவை, கீழே சிவப்பு அரக்கு முத்திரை. எல்லாம் லத்தீன். நடுவில் இரண்டே இடத்தில் பேனா எழுத்து. ஒன்று உன் பெயர். கோயிலுக்கு ஒரு பிரதி, வீட்டுக்கு ஒரு பிரதி என்று அனுப்புகிற வழக்கமாம். எந்த வீட்டில் யாருக்கு லத்தீன் தெரியும் என்று யோசிப்பது அந்த வழக்கத்தில் இல்லை.

நைனா முத்திரையைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார், உன் பெயரை எழுத்துக் கூட்டினார். அவருக்குத் தெரிந்து லத்தீனில் கெட்டதை யாரும் சொன்னதில்லை. காகிதத்தை முத்தமிட்டு அம்மாவிடம் கொடுத்தார். அம்மா முத்தமிட்டு என்னிடம் கொடுத்தாள். நானும் முத்தமிட்டேன், அண்ணே. உன்னை வேண்டாமென்று துரத்தின காகிதத்தை நாங்கள் மூன்று பேரும் முத்தமிட்டோம்.

மறுநாளே அதைத் துணியில் சுற்றிக்கொண்டு நைனா திருவள்ளூருக்குப் பஸ் ஏறினார், நானும் தொற்றிக்கொண்டேன். கும்மிடிப்பூண்டியில் போடுகிற சட்டம் மட்டமாம். பெருமாள் கோயில் பக்கத்துத் தெருவில் சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடை. நெற்றி நிறைய நாமம் போட்ட பெரியவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பாஷைப்பா இது?"

"சாமி பாஷைங்க. எங்க கோயில்ல பூசைக்கு இதான்."

"எங்களுக்குச் சமஸ்கிருதம் மாதிரியாக்கும். அப்போ ஒருத்தருக்கும் புரியாதுன்னு சொல்லு" என்று சிரித்தார். நைனாவும் சிரித்தார். நல்ல சட்டமாகப் பார்த்து, ஓரத்தில் பொன் நிறக் கோடு வைத்துப் போட்டுக் கொடுத்தார் அந்த மனுஷர். வீட்டுக்கு வந்ததும் இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டினோம்.

அடுத்த வாரம் நீ வந்து இறங்கினாய். தலையில் டிரங்குப் பெட்டி. அங்கி இல்லை, வேட்டி சட்டை. தெருவே நம் வாசலில் நின்றது. அம்மா ஆரத்தி சுற்றினாள். நைனா சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி, துண்டால் துடைத்து, உன் கையில் கொடுத்தார்.

"சூசை, அல்லாருக்கும் கேக்கற மாதிரி படிரா."

நீ அதைப் பார்த்தாய். நான் உனக்கு எதிரேதான் நின்றேன். உன் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. பாவி, ஒன்றுமே மாறவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பூசையில் சாமியார் இழுத்துப் பாடுவாரே, அந்த ராகத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாய். நீ முடித்ததும் நைனா முப்பது வருஷப் பழக்கத்தில் கையைக் கூப்பி "ஆமென்" என்றார். தெரு மொத்தமும் "ஆமென்" என்றது. நானும்தான்.

"இன்னாடா எய்திக்கீது?" என்று கேட்டார் நைனா.

"கொஞ்ச நாள் உங்களோட இருக்கச் சொல்லி எழுதியிருக்காங்க, நைனா."

அந்தக் கொஞ்ச நாள் பன்னிரண்டு வருஷம் ஆனது. நைனா பெரிய சாமியாருக்கு நன்றி சொல்லப் போனாராம். அவர் "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு மணிக்கூண்டைப் பார்த்தாராம். அவர் கையில்தான் இன்னொரு பிரதி இருந்ததே! ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷமே பூசை தமிழுக்கு மாறிவிட்டது. நைனாவின் லத்தீன் பதில்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செல்லாமல் போயின. அப்போதும் அவர் சொன்னது என்ன? "பரவால்ல. எம் புள்ளைக்குத் தெரியும்ல."

நீ அரிசி ஆலையில் மூட்டை தைத்தாய், கணக்குப்பிள்ளைக்கு எடுபிடியாக இருந்தாய். யார் கேட்டாலும் "அடுத்த வருஷம் கூப்பிடுவாங்க" என்றாய். சாமியாராகப் போகிறவன் என்று உனக்கு ஒருத்தரும் பெண் கொடுக்கவில்லை. சாமியாராகவும் விடவில்லை, சம்சாரியாகவும் விடவில்லை, அந்தக் கண்ணாடிச் சட்டம். ஒரு நாளாவது அதைக் கழற்றிக் கீழே போட்டு உடைத்திருக்கக் கூடாதா? நீ அதன் கீழேதானே பாய் போட்டுப் படுத்தாய்! தினமும் கண் விழித்ததும் அதைத்தானே படித்திருப்பாய்!

நைனா அதை நம்பிக்கொண்டே செத்தார். அவர் செத்த மறு வருஷம் நீ இரும்புக் கம்பி ஆலையில் உலைப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தாய். அப்புறம் இருமல். இருமலில் ரத்தம். பெரியாஸ்பத்திரியில் உன் பக்கத்தில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன். ஏதேதோ பேசினாய். இதைப் பேசவில்லை. "அம்மாவைப் பேஜார் பண்ணாதே" என்றாய், கடைசியாகச் சொன்னது அதுதான். கல்லறைத் தோட்டத்திலும் நடுவில் சுவர் இருக்கிறதல்லவா, நம் பக்கத்துச் சுவரோரமாக உன்னை வைத்தோம்.

உன் டிரங்குப் பெட்டியைத் தொட அம்மா என்னை விடவில்லை. இந்தத் தவக்காலத்தில் கரையான் ஏறியதால் திறந்தே ஆகவேண்டியதாயிற்று. இரண்டு வேட்டி, ஒரு செபமாலை, ஒரு லத்தீன் இலக்கணம், ஒரு லத்தீன் அகராதி. அகராதி இங்கிலீஷில் அர்த்தம் சொல்வது. நடுவில் அடையாளத்துக்கு ஒரு சீட்டு வைத்திருந்தாய். எடுத்துப் பார்த்தால், ஆலை டாக்டர் உன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுதிக் கொடுத்த சீட்டு. "ஃபிட்" என்று ஒரே சொல். உன் வாழ்நாளில் உன்னைத் தகுதியானவன் என்று சொன்ன ஒரே காகிதம் அது. அதுவும் உலைக்குத் தகுதி.

சீட்டு இருந்த பக்கத்தில் ஒரு சொல்லுக்கு அடியில் பென்சில் கோடு. இதோனேயுஸ். அந்தச் சொல்லை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தலையைத் தூக்கினேன். சுவரில் இருந்தது. உன் பெயருக்குப் பக்கத்தில், பேனா எழுத்தில், முன்னால் 'நோன்' என்று ஒரு குட்டிச் சொல்லோடு. நோன் இதோனேயுஸ். தகுதியில்லாதவன்.

அம்மா அப்போதுதான் அதன் கீழே சாயங்கால மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஒன்றரை மாதம் அந்த ஒரு சொல்லோடு குடித்தனம் நடத்துகிறேன். நீ படித்த அதே இலக்கணத்தைப் படித்தேன். உனக்கு ஏழு வருஷம் ஆனது, எனக்குக் கோபம் இருந்ததால் சீக்கிரம் ஏறியது. அது ஒரு பெயரடை. நம் தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடு என்போம். 'நல்ல' என்பது யாருக்காகவும் அசையாது. லத்தீனில் பெயரடை அப்படியில்லை, பக்கத்தில் நிற்பது யாரென்று பார்த்து ஆள் மாறும். ஆணுக்கு இதோனேயுஸ், பெண்ணுக்கு இதோனேயா, இரண்டுமில்லாத பொருளுக்கு இதோனேயும். ஆளுக்குத் தகுந்தபடி மாறுகிற தகுதி. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

மற்றப் பெயரடைகளுக்கு வாலை மாற்றினால் 'அதைவிட அதிகம்' என்று பொருள் வந்துவிடுகிறது. இதற்கு வராது. 'மாஜிஸ்' என்று ஒரு தனிச் சொல்லை முன்னால் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். மாஜிஸ் இதோனேயுஸ் என்றால் கூடுதல் தகுதியுள்ளவன். உன்னிடம் பாடம் கேட்டுப் பரீட்சை எழுதின அந்த இரண்டு ஊர்ப் பையன்கள் மாஜிஸ் இதோனேயுஸ் போலிருக்கிறது. ஒருத்தர் இப்போது பங்குச் சாமியார்.

அந்தச் சொல்லின் பிறப்பைத் தேடினேன். அகராதியில் பக்கத்துச் சொற்களுக்கெல்லாம் இந்த வேர், அந்த மூலம், கிரேக்கத்திலிருந்து வந்தது என்று வம்சாவளி போட்டிருக்கிறது. இதற்கு மட்டும் 'மூலம் நிச்சயமில்லை' என்று போட்டிருக்கிறது. படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா பயந்துவிட்டாள். நீ எந்தத் தெரு, உன் பாட்டன் என்ன வேலை செய்தான் என்று ஏழு தலைமுறை விசாரித்தவர்கள், உன்னைத் தள்ளுவதற்கு எடுத்த சொல்லுக்கு அப்பன் யாரென்று அவர்களுக்கே தெரியாது!

இன்னொன்றும் கண்டுபிடித்தேன், அதை நீ முன்னாலேயே கண்டுபிடித்திருக்கிறாய். அந்தச் சொல் தனியாக நிற்பது அபூர்வம். எதற்கு, யாருக்கு என்று சேர்த்துச் சொன்னால்தான் அது நிறையும். இலக்கணப் புத்தகத்தில் உதாரணம் இருக்கிறது: பாசறை போடுவதற்கு ஏற்ற இடம் என்று. லத்தீனில் அதற்கு ஒரு வேற்றுமை வைத்திருக்கிறார்கள், நம் நான்காம் வேற்றுமை, 'கு' உருபு. ஐந்தாம் வகுப்புக்கு நான் வருஷா வருஷம் அதை நடத்துகிறேன். நான்காம் வேற்றுமைக்கு நம் பெரியவர்கள் சொன்ன பொருள்களில் தகுதியும் ஒன்று. ரோமாபுரிக்காரனும் நம் ஆளும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். கும்மிடிப்பூண்டியில் நிலம் பார்க்க வந்த சர்க்கார் ஆட்கள்கூட 'தொழிற்சாலைக்கு ஏற்ற இடம்' என்றுதான் எழுதிக்கொண்டு போனார்கள். வெறும் கட்டாந்தரைக்கே எதற்கென்று சொல்லி எழுதினார்கள். உன் தாளில் அதுகூட இல்லை.

அகராதியின் ஓரத்தில் நீ பென்சிலால் ஒரு சொல் எழுதிவைத்திருக்கிறாய். "எதற்கு?"

அதைப் பார்த்ததும் என் சிரிப்பெல்லாம் போய்விட்டது. எப்போது எழுதினாய், அண்ணே? மூட்டை தைத்துவிட்டு வந்த சாயங்காலத்திலா? இருமிக்கொண்டா? அந்தக் கேள்வியை யாரிடமாவது கேட்டாயா? எனக்காவது காட்டியிருக்கலாமே. உன் எழுத்து குண்டு குண்டாக, மாணவன் எழுத்தாகவே இருந்தது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன்.

வியாழக்கிழமை நெருங்க நெருங்க, நடக்கப்போவதை மனசில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாமியார் உள்ளே வருவார், நிமிர்வார், படிப்பார். படித்த உடனே தெரிந்துவிடும். அம்மா பெருமையாக "எம் புள்ளைக்குக் குடுத்தது, சாமி" என்று முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக் காட்டுவாள். அவர் பரிதாபப்பட்டு ஏதாவது நல்ல பொய் சொல்வார். இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். இரண்டில் எது நடந்தாலும் அம்மா தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். அவளிடம் மிச்சம் இருப்பது உன் நினைப்பும் அந்தச் சட்டமும்தானே.

நேற்று மத்தியானம் சுண்ணாம்பு அடிக்கிற சாக்கில் அதைக் கழற்றப் போனேன். ஸ்டூலில் ஏறிக் கையை வைத்ததும் பின்னாலிருந்து அம்மா குரல்.

"ஏண்டி, இத்தினி வருசம் அடிக்காத சுண்ணாம்பு, இப்ப இன்னாத்துக்கு?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. உன் தங்கையாக இருந்தும் வரவில்லை. இறங்கி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அகராதி, சீட்டு, அந்தச் சொல், எல்லாம். அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கினே கேட்டாள். நிறுத்தவே இல்லை.

"எனுக்குத் தெரியும்டி."

"இன்னா தெரியும்?"

"அவன வோணான்னு எய்தி அனுப்பிட்டாங்கன்னு. அன்னிக்கே தெரியும். அவன் படிக்கறப்போ கால் கட்டவெரலு தரைய நோண்டிக்கினு இருந்துச்சு. சின்ன வயசுலயே பொய் சொன்னா அப்டித்தான் நோண்டுவான். நீங்கல்லாம் மொகத்தப் பாத்தீங்க. நான் காலப் பாத்தேன்."

"அப்ப அதுக்கு ஏம்மா தெனம் மெழுகுவத்தி ஏத்துன?" என்று கேட்டேன்.

"காயிதத்துக்கா ஏத்துனேன்? போடி. நைனா மொகம் வாடிடக் கூடாதுன்னு, அத்தினி பேருக்கு முன்னால நின்னு, தன்ன வோணாம்னு சொன்னத தானே ராகம் போட்டுப் படிச்சானே. அவனுக்கு ஏத்துனேன்."

"நைனாவுக்குத் தெரியுமா?"

"அவரு கோயில்பிள்ள. அவருக்கு ஆமென் மட்டுந்தான் தெரியும்."

சொல்லிவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே நீயும் அவளும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாத மாதிரி நடித்திருக்கிறீர்கள். அவள் மனசு உடையக் கூடாதென்று நீ. உன் மனசு உடையக் கூடாதென்று அவள். நடுவில் நான் ஒரு மக்கு, தினமும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் இரண்டு பேரையும் நான் எப்படி மன்னிப்பது?

"சரி, கழட்டிடவா? வியாழக்கெழம சாமியார் வராரு" என்றேன்.

"கய்ட்டாத." அம்மா என்னை நேராகப் பார்த்தாள், நல்ல கண்ணால். "அந்தச் சாமியார் நல்லவராத்தான் தெரியறாரு. வரட்டும். ஒக்காரட்டும். மோர் குடு. அப்பால இத்த எடுத்து அவரு கையில குடுத்து, அல்லாருக்கும் கேக்கற மாதிரி படிக்கச் சொல்லு. தமிழ்ல. இப்பதான் பூசையே தமிழாச்சே. எம் புள்ள வாயால லத்தீன்ல கேட்டுட்டேன். அவங்க வாயால தமிழ்ல ஒரு தபா கேக்கணும்."

அவ்வளவுதான், அண்ணே. சுண்ணாம்பு வாளியைக் கொல்லையில் வைத்துவிட்டேன். தெருவில் எல்லோரையும் வியாழக்கிழமை நம் வீட்டுக்கு வரச் சொல்லியாகிவிட்டது, நீ படித்த அன்றைக்கு நின்றவர்களில் உயிரோடு இருப்பவர்கள் அத்தனை பேரையும். எனக்குப் பயமில்லை. சாமியாரால் என் வேலையில் கை வைக்க முடியாது, கோயில் பள்ளிக்கூடமில்லை, யூனியன் பள்ளிக்கூடம். கை வைத்தாலும் பரவாயில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள். அவர் தமிழில் படித்து முடித்ததும், உன் அகராதியைத் திறந்து நீ பென்சிலால் எழுதியதை நான் சத்தமாகக் கேட்பேன். எதற்கு? யாருக்கு? அவருக்குப் பதில் தெரிந்தால் சொல்லட்டும். தெரியாவிட்டால், தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு வரட்டும், நாங்கள் காத்திருப்போம். காத்திருந்து பழக்கம்தானே நமக்கு.

ஆனால் இந்தத் தடவை படித்து முடித்ததும் நம் தெருவில் ஒருத்தரும் ஆமென் சொல்லமாட்டோம். சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
அந்தக் காகிதத்தை முத்தமிட்டதற்காக இன்னும் உதட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும் உன் தங்கச்சி,
பிலோமி